டீப் யூடெக்டிக் கரைப்பான்: உருகவில்லையா, உறையவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

இரண்டு பொருளைச் சரியான விகிதத்தில் சேர்த்தால், தனித்தனியே உருகுவதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே உருகித் திரவமாக நிற்கும்; அந்தக் கலவைதான் டீப் யூடெக்டிக் கரைப்பான். செங்கோட்டையில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் லேப்பில் அதற்கு எடுக்கும் கோலின் குளோரைடு என்ற உப்பின் பாட்டிலைத் திறந்து மூடுவதற்குள் பொடி கட்டி பிடித்துவிடும். அடுத்த வாரமே புராஜெக்ட் பிள்ளைகளில் ஒருவர் சோதனைக்குழாயும் கையுமாக வந்து, "சார், போன பேட்ச் உறைஞ்சுது, இது உறையவே மாட்டேங்குது" என்று நிற்பார். மார்கழியில் நேர் எதிர். ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் ஈரம் குறைந்து, விடியற்காலையில் லேப் குளிர்ந்து கிடக்கும். முந்தின நாள் தண்ணீர் போல் இருந்த கலவை காலையில் வெள்ளைக் கட்டியாக இருக்கும். "சார், கெட்டுப்போச்சு" என்பார்கள். பெரும்பாலும் கெட்டிருக்காது.

பல வருடமாக இதே பழுதுகளைச் சரிசெய்து சரிசெய்து சேர்ந்த குறிப்புகள் இவை. உருகுநிலை ஏன் இறங்குகிறது என்ற விளக்கத்துக்குள் போகவில்லை. உங்கள் குழாயில் தெரியும் அறிகுறியைப் பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும்.

நாங்கள் அதிகம் கையாள்வது இரண்டு ஜோடி. ஒன்று கோலின் குளோரைடும் யூரியாவும், மோல் விகிதம் (எடையில் இல்லை, மூலக்கூறு எண்ணிக்கையில்) 1:2. மற்றது நம் வீடுகளில் தலைமுறையாகத் தெரிந்தது, புதினா உப்பும் ஓம உப்பும். மென்தால், தைமால் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். இரண்டு உப்பையும் சேர்த்து உரசினால் தானாகத் தண்ணீராகும் என்பது பாட்டிகளுக்குத் தெரியும். அதுவும் இதே குடும்பம்தான்.

எதையும் தொடுவதற்கு முன்

ஒரு டிகிரிக்குள் பிரித்துக் காட்டும் தெர்மாமீட்டர், இடித்த ஐஸ், கல் உப்பு, நம்பகமான தராசு. இவ்வளவு போதும். ஐஸும் உப்பும் சேர்ந்தால் கோட்பாட்டளவில் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். குல்ஃபி வண்டிக்காரர் பானையில் செய்வதும் இதைத்தான். லேப் பீக்கரில் மைனஸ் 15 கிடைத்தாலே நம் வேலைக்குத் தாராளம்.

குளிர்விக்கும்போது எந்த வெப்பநிலையில் உறைந்தது என்று நோட்டில் எழுதாதீர்கள். அந்த எண் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக வரும். முழுதாக உறையவிட்டு, நிமிடத்துக்கு அரை டிகிரி வேகத்தில் சூடேற்றி, கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலையை எழுதுங்கள். இந்தப் பழக்கம் வந்தபிறகு என்னிடம் வரும் புகார்களில் பாதி நின்றுபோனது.

## அறிகுறி 1: சூடாக்கியும் தெளிவாகவில்லை, அடியில் வெள்ளைத் துகள் நிற்கிறது

நேரம் போதவில்லையா? 80 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கிவிட்டுப் பாருங்கள். கட்டிகளை உரலில் நுணுக்கிப் போட்டிருந்தால் சீக்கிரம் தெளியும். அவசரப்பட்டு 100, 120 என்று ஏற்றாதீர்கள். யூரியா சிதையத் தொடங்கும், பிறகு அறிகுறி 6க்குப் போக வேண்டியிருக்கும்.

எடை சரியா? 100 கிராம் கோலின் குளோரைடுக்கு 86 கிராம் யூரியா. 1:2 என்பதை எடை விகிதமாக எடுத்து 200 கிராம் யூரியா கொட்டிய பிள்ளைகளை ஏறக்குறைய வருடாவருடம் பார்க்கிறேன். கூச்சப்படாமல் முதலில் நோட்டைத் திறந்து பாருங்கள்.

படிக நீர்? ஆக்ஸாலிக் அமிலத்தோடு 1:1 செய்கிறவர்களுக்கு இது. நம் லேப் அலமாரியில் இருப்பது பெரும்பாலும் இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வகை. 100 கிராம் கோலின் குளோரைடுக்கு நீரற்ற அமிலம் என்றால் 64.5 கிராம், நீர் சேர்ந்தது என்றால் 90.3 கிராம். மாற்றிப் போட்டால் விகிதம் கெடும். சரியாகப் போட்டாலும் 26 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் கூடவே வருகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும்.

எங்கே வாங்கியது? உரக்கடை யூரியா வேண்டாம். 2015 முதல் விவசாய யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. கலவை கலங்கலாகவே நிற்கும். கோழித்தீவனத்துக்கு விற்கும் 60 சதவீதக் கோலின் குளோரைடும் வேண்டாம். மக்காச்சோளக் கதிர்ச் சக்கைத் தூள் போன்ற ஒன்றில் ஊறவைத்துக் காயவைத்தது அது. எவ்வளவு சூடாக்கினாலும் அந்தத் தூள் கரையாது. விலை குறைவு என்று ஒரு பெண் நாமக்கல்லிலிருந்து ஒரு மூட்டை வரவழைத்து, மூன்று வாரம் வடிகட்டிப் பார்த்து, அழுதேவிட்டாள். மூட்டை வந்த அன்றே லேபிளை வாசித்துப் பார்க்கச் சொல்லாதது என் தவறு.

இவ்வளவும் சரியாக இருந்தும் துகள் நின்றால், அதை வடித்து வடிதாளில் அழுத்தித் துடைத்து உருகுநிலைக் குழாயில் ஏற்றுங்கள். 133 டிகிரியை ஒட்டி உருகினால் யூரியா. அதைத் தாண்டியும் அசையாமல் நின்றால் கோலின் குளோரைடு. அது 302 டிகிரிக்குப் பக்கத்தில், அதுவும் சிதைந்துகொண்டேதான் உருகும். காற்றில் வைத்து எது கசிகிறது என்று பார்க்கும் குறுக்குவழியைச் சாரல் காலத்தில் நம்ப வேண்டாம். ஈரப்பதம் 73 சதவீதத்தைத் தாண்டினால் 30 டிகிரியில் யூரியாவும் கசியும்.

## அறிகுறி 2: ஆறியதும் முழுக்கக் கல்லாகிவிட்டது

முதலில் அறையின் வெப்பநிலையைப் பாருங்கள். 2003இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஆபட் குழு கோலின் குளோரைடு–யூரியா ஜோடிக்கு 12 டிகிரி என்று வெளியிட்டது. எல்லாப் பாடக்குறிப்பிலும் அந்த எண் இருக்கிறது. பின்னால் நன்றாக உலர்த்தி அளந்தவர்களுக்கு 25 டிகிரியும் அதற்கு மேலும் வந்தது. ஆகவே மார்கழிக் காலையில் 22 டிகிரி அறையில் உங்கள் கலவை உறைந்திருந்தால், இதுவரை நீங்கள் செய்ததிலேயே காய்ந்த கலவை அதுவாக இருக்கலாம். கொட்டிவிடாதீர்கள்.

குழாயை 40 டிகிரி நீரில் வையுங்கள். முழுக்கத் தெளிந்தால் பழுது எதுவும் இல்லை.

வேலைக்குத் திரவமாகவே வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. எடைபோட்டுத் தண்ணீர் சேருங்கள். 2 முதல் 5 சதவீதம் வரை சேர்த்தாலே உருகுநிலை நன்றாக இறங்கும், பிசுபிசுப்பும் குறையும். சேர்த்ததை லேபிளில் எழுதுங்கள். தானாக ஏறிய தண்ணீரும் நாம் அளந்து சேர்த்த தண்ணீரும் குழாய்க்குள் ஒன்றுதான், ஆனால் நோட்டில் ஒன்றல்ல. மறுமுறை செய்ய முடிவது இரண்டாவதை மட்டும்தான். தண்ணீரே ஆகாத வேலை என்றால் யூரியாவை விட்டுவிட்டு எத்திலீன் கிளைக்கால் ஜோடிக்குப் போங்கள். 100 கிராம் கோலின் குளோரைடுக்கு 89 கிராம் கிளைக்கால்.

60 டிகிரிக்கு மேலும் கட்டியாகவே நின்றால் அது உறைதல் இல்லை, விகிதப் பிழை. அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 3: பாதி உறைந்து கஞ்சி போல் நிற்கிறது

பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். கஞ்சி என்றால் திடமும் திரவமும் ஒரே வெப்பநிலையில் கூடி இருக்கின்றன. விகிதம் யூடெக்டிக் புள்ளியிலிருந்து, அதாவது உருகுநிலை மிகக் குறைவாக இருக்கும் விகிதத்திலிருந்து, விலகினால் இப்படித்தான் ஆகும். அதிகமாக இருக்கும் பொருள் முதலில் படிகமாகப் பிரியும், மற்றது நீராக நிற்கும்.

முதலில் காத்திருங்கள். பிசுபிசுப்பான கலவையில் படிகம் வளர நேரம் பிடிக்கும். நேற்றுக் கஞ்சியாக இருந்தது இன்று முழுக்கட்டியாக இருக்கலாம். ஓர் இரவு அதே வெப்பநிலையில் விட்டுப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து, இரட்டைக் குழாய்ச் சோதனை. நாங்கள் லேப்பில் வழக்கமாகச் செய்வது, செலவே இல்லை. கலவையைச் சூடாக்கித் தெளியவைத்து இரண்டு குழாயில் ஐந்தைந்து கிராம் எடுங்கள். ஒன்றில் 0.2 கிராம் யூரியா, மற்றதில் 0.2 கிராம் கோலின் குளோரைடு. மறுபடி தெளியவைத்து, உறையவிட்டு, மெல்லச் சூடேற்றிக் கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலையை எழுதுங்கள். எந்தக் குழாயில் அது இறங்குகிறதோ அந்தப் பொருள்தான் உங்கள் கலவையில் குறைவாக இருந்தது. இரண்டிலும் ஏறினால் விகிதம் சரி. தண்ணீரையோ அசுத்தத்தையோ தேடுங்கள்.

கோலின் குளோரைடு குடித்த தண்ணீர். தராசு பொய் சொல்லாது, ஆனால் தட்டில் வைத்தது என்ன என்று அதற்குத் தெரியாது. 5 சதவீதம் ஈரமேறிய பொடியில் 100 கிராம் நிறுத்தால் உண்மையில் இருப்பது 95 கிராம். 86 கிராம் யூரியா சேர்க்கும்போது 1:2 என்று நினைத்தது 1:2.1 ஆகிவிடும், கூடவே 5 கிராம் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். விகிதமும் கெட்டது, ஈரமும் சேர்ந்தது. ஒரே பிழை இரண்டு வேஷம் போடுகிறது. மருந்து சுலபம். வேக்குவம் ஓவன் இருந்தால் 80 டிகிரியில் ஒரு நாள். இல்லையென்றால் பொடியை மெல்லிதாகப் பரப்பிச் சாதா ஓவனில் 105 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, சிலிகா ஜெல் டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் ஜெல் வைத்த மூடிய கண்ணாடிப் பாத்திரம்) ஆறவிடுங்கள். ஜெல் நீலமாகவோ ஆரஞ்சாகவோ இருக்க வேண்டும். நிறம் மாறிய ஜெல்லோடு இருக்கும் டெசிகேட்டர் வெறும் கண்ணாடிப் பானைதான். யூரியாவுக்கு 60 டிகிரி போதும்.

சாரல் காலத்தில் நிறுப்பதைக் காலை பதினொன்றுக்கு மேல், ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். ஃபேனும் வேண்டாம், தராசும் ஆடும். பொடியைத் தட்டில் கொட்டாமல், மூடியுள்ள பாட்டிலோடு நிறுத்து, எடுத்தபின் மறுபடி நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 1:2 என்பது எல்லா ஜோடிக்கும் யூடெக்டிக் புள்ளி இல்லை. பழக்கத்தில் எல்லோரும் 1:2 போடுகிறோம். கிளைக்கால் ஜோடியில் உண்மையான புள்ளி வேறிடத்தில், கிளைக்கால் இன்னும் கூடுதலாக உள்ள பக்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் அந்தக் கலவையின் அடியில் வெள்ளைப் படிகம் தட்டினால் நீங்கள் தப்பு செய்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளைக்காலைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.

## அறிகுறி 4: வாரக்கணக்கில் தெளிவாக இருந்தது, ஒரு நாள் திடீரென உறைந்தது

மூணாறில் என் தங்கச்சி இருக்கிறாள். தலைவலிக்கு என்று ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினேன். அவளுக்குக் குளிர்ச்சி பிடிக்கும் என்று நாலு பங்கு புதினா உப்பும் ஒரு பங்கு ஓம உப்பும் போட்டேன். ஆனி மாதம் முழுக்க எங்கள் வீட்டு அலமாரியில் தண்ணீராகத்தான் இருந்தது. பஸ்ஸில் மலையேறிய மறுநாள் போன் வந்தது. "அண்ணே, நீ குடுத்த தைலம் பூராம் ஊசி ஊசியா நிக்கி."

தப்பு என்னுடையதுதான். மென்தால் தனியாக 42 டிகிரியிலும் தைமால் 50 டிகிரியை ஒட்டியும் உருகும். சமபங்கு சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று நன்றாக இழுத்துப் பிடித்து, எங்கள் லேப் உறைபெட்டியில் மைனஸ் 20இலும் திரவமாகவே நிற்கிறது. நாலுக்கு ஒன்று என்று போட்டதும் கடைசிப் படிகம் மறையும் வெப்பநிலை எங்கள் அளவில் இருபது டிகிரியைத் தாண்டிவிட்டது. செங்கோட்டையில் அது தெரியவில்லை. பகலில் உருகியே இருந்தது. விடியற்காலைக் குளிரில் உறைய வேண்டியது, முதல் படிகம் கிடைக்காமல் திரவமாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. தை மாதம் சில இடங்களில் உறைபனி விழும் ஊர் மூணாறு. ஆனியிலும் அங்கே குளிர்தான்.

திரவமாகத் தெரிவதும் திரவமாக நிலைப்பதும் வேறு வேறு. எனவே:

வித்துப் போட்டுப் பாருங்கள். பாட்டிலை வெளியூர் அனுப்பும் முன், அது போகிற ஊரின் குளிருக்குக் குழாயை இறக்கி, இரண்டு பொருளிலிருந்தும் ஒவ்வொரு சிறு படிகம் எடுத்து உள்ளே போடுங்கள். ஒரு மணி நேரத்தில் அது கரைந்தால் நிலையானது. வளர்ந்தால் போலித் திரவம். வளரும்போது தெர்மாமீட்டர் ஒன்றிரண்டு டிகிரி தானாக ஏறுவதையும் பார்க்கலாம்.

பாட்டில் வாயைப் பாருங்கள். மரைப்பகுதியில் காய்ந்து ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கு உள்ளே விழுந்தால் அதுவே வித்து. ஊற்றியபின் வாயைத் துடைத்து மூடுங்கள்.

உருக்கியது போதுமா? மேலோட்டமாகத் தெளிந்ததும் எடுத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத படிகத்துணுக்கு மிஞ்சும், இரவே மறுபடி உறையும். மூடியோடு சேர்த்து முழுப் பாட்டிலையும் வெந்நீரில் அமிழ்த்தி, தெளிந்த வெப்பநிலைக்குப் பத்து டிகிரி மேலே அரை மணி நேரம் வையுங்கள்.

ஆவியாகிப் போனதா? மென்தால், தைமால், கற்பூரம் மூன்றும் திறந்த பாட்டிலிலிருந்து காற்றில் போகும், ஒரே வேகத்தில் போகாது. மாதக்கணக்கில் விகிதம் நகரும். ரப்பர் அடைப்பான் வேண்டாம், இறுக்கமான மரை மூடி வையுங்கள்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஓம உப்பு நேரடியாகப் பட்டால் தோல் வெந்துவிடும்; தேங்காய் எண்ணெயில் கலந்து நன்றாக வீரியம் குறைக்காமல் பூசாதீர்கள். கற்பூரம் சேர்த்த பாட்டில் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. குடித்துவிட்டால் வலிப்பு வரும். அப்போது வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

## அறிகுறி 5: எவ்வளவு குளிர்வித்தாலும் உறையவே இல்லை

சாரல் காலத்துப் புகார் இது. வரிசையாகப் பாருங்கள்.

முதலில் கண்ணாடிக்குச்சியால் குழாயின் உட்சுவரை உரசுங்கள், அல்லது பழைய கட்டியிலிருந்து ஒரு துணுக்குப் போடுங்கள். பலன் இல்லையா? ஐஸ்–உப்பில் மைனஸ் 10க்கு இறக்கி அரை மணி நேரம் வைத்துவிட்டு, சாதா ஃபிரிட்ஜில் ஒரு இரவு விடுங்கள். கடுங்குளிரில் படிகம் பிறக்கும், ஆனால் கலவை தேனாக இறுகிவிடுவதால் வளராது. கொஞ்சம் சூடேறினால்தான் வளரும். இன்னும் குளிர்வித்தால் உறைந்துவிடும் என்று இறக்கிக்கொண்டே போவதுதான் பலர் செய்யும் தவறு.

அடுத்து தண்ணீர். பெட்ரி தட்டில் 10 கிராம் எடுத்து வேக்குவம் ஓவனில் 60 டிகிரியில் வைத்து, எடை நிலைக்கும் வரை நிறுத்துக்கொண்டே வாருங்கள். 0.3 கிராம் குறைந்தால் 3 சதவீதம் தண்ணீர் ஏறியிருந்தது என்று கொள்ளலாம். யூரியாவும் கொஞ்சம் போகக்கூடும் என்பதால் இது உத்தேசக் கணக்கு. துல்லியம் வேண்டும் என்றால், தண்ணீரை மட்டும் அளக்கும் கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன்.

சர்க்கரை, சிட்ரிக் அமிலம் சேர்த்த வகைகள் உறையவே மாட்டா. இறுகி இறுகிக் கண்ணாடியாகும், அவ்வளவுதான். குழாயைச் சாய்த்தால் அசையாது, ஆனால் உள்ளே வெண்மை இருக்காது, எதிர்ப்பக்க எழுத்தைப் படிக்கலாம். அவற்றுக்கு உருகுநிலை தேடி நாளை வீணாக்க வேண்டாம்.

அமில வகையை அதிகச் சூட்டில் செய்திருந்தால் இன்னொரு காரணம் உண்டு. கோலினும் அமிலமும் சேர்ந்து எஸ்டராகி, தண்ணீர் தானே உண்டாகும். வெளியிலிருந்து ஈரம் ஏறாமலே கலவை மாறிப்போகும். அதை உலர்த்தி மீட்க முடியாது. 60 டிகிரிக்குள் புதிதாகச் செய்யுங்கள், அல்லது சூடே இல்லாமல் உரலில் அரைத்துச் செய்யுங்கள்.

## அறிகுறி 6: மஞ்சளாகிறது, நாற்றம் வருகிறது

சூட்டை உடனே நிறுத்துங்கள். கண்ணைக் கரிக்கும் அமோனியா வாடை என்றால் யூரியா சிதைகிறது. கருவாட்டு வாடை என்றால் கோலின் சிதைந்து அமீன் வருகிறது. அமில வகையில் காரமான புகை வந்தால் ஹைட்ரஜன் குளோரைடு. ஃபியூம் ஹூடுக்கு (புகையை வெளியே இழுக்கும் கூண்டு) அடியில் கொண்டுபோங்கள். இந்தக் கலவைகளின் உருகுநிலையை அளப்பதில் பொருள் இல்லை. லேசான மஞ்சள் மட்டும், வாடை இல்லை என்றால் பழைய யூரியா பாட்டிலைச் சந்தேகியுங்கள்.

## அறிகுறி 7: அளக்கும்போதெல்லாம் வேறு எண் வருகிறது

ஒரே குழாயை மூன்று முறை அளந்து மூன்று எண் வந்தால் பழுது அளவீட்டில். சூடேற்றும் வேகத்தைக் குறையுங்கள், தெர்மாமீட்டர் குமிழ் கலவைக்குள் இருக்கிறதா பாருங்கள், ஒவ்வொரு முறையும் முழுக்க உறையவிட்டீர்களா என்று யோசியுங்கள். தெர்மாமீட்டரை உருகும் ஐஸில் வைத்துப் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

ஒரே குழாய் நாளுக்கு நாள் ஒரே திசையில் இறங்கினால் ஈரம் ஏறுகிறது. மூடியை மாற்றுங்கள். வாயில் சுற்றும் மெழுகுத் தாளான பாரஃபிலிம் ஒரு வாரத்துக்கு மேல் காக்காது.

வேறு வேறு பேட்ச் மட்டும் மாறினால் நிறுக்கும் நாளின் ஈரப்பதத்தை நோட்டில் எழுதத் தொடங்குங்கள். எங்கள் நோட்டில் அந்த ஒரு பத்தியைச் சேர்த்தபிறகு, சாரல் மாதப் பேட்சுகள் மட்டும் தனியாகக் கீழே விழுவது தெரிந்தது. அதுவரை இரண்டு வருடம் யூரியா கம்பெனியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

## எப்போது வெளியே அனுப்புவது

விகிதம், ஈரம், வித்து மூன்றையும் பார்த்தும் எண் நிலைக்கவில்லை. ஆய்வுக்கட்டுரைக்குக் கட்ட வரைபடம் (எந்த விகிதத்தில் எந்த வெப்பநிலையில் திடம், திரவம் என்று காட்டும் படம்) வேண்டும். அல்லது முழுக்க உறைந்து உருகும் முன் இன்னொரு மாற்றம் தெரிகிறது. இந்த மூன்றில் ஒன்று என்றால் டி.எஸ்.சி. தேவை. மாதிரியைச் சூடேற்றும்போதும் குளிர்விக்கும்போதும் உள்ளே போகிற, வெளியே வருகிற வெப்பத்தை அளக்கும் கருவி அது. கடைசியில் சொன்னதில் பயப்பட வேண்டாம். கோலின் குளோரைடு 79 டிகிரியை ஒட்டித் திடத்திலேயே வடிவம் மாறும், மென்தாலுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட படிக வடிவம் உண்டு. ஆனால் எது எது என்று குழாயில் பார்த்துப் பிரிக்க முடியாது.

நம் பக்கத்திலிருந்து சென்னை ஐ.ஐ.டி.யின் சைஃப் (SAIF) கருவி மையமும், கொச்சிப் பல்கலைக்கழக (குசாட்) வளாகத்தின் எஸ்.டி.ஐ.சி. (STIC) சோதனை மையமும் வெளியாருக்கு அளந்து தருகிற இடங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்விக்கும் வசதி அப்போது ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

மாதிரியைக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, சிலிகா ஜெல்லோடு இன்னொரு டப்பாவில் வைத்து மூடுங்கள். தாளில் மோல் விகிதம், எடைகள், உலர்த்திய விதம், கார்ல் ஃபிஷர் எண் இருந்தால் அது, செய்த தேதி. மாதிரி வைக்கும் சிறு கிண்ணம் (பேன்) காற்றுப்புகாததாக வேண்டும் என்று கேளுங்கள். குளிர்வித்தபின் உறைய நேரம் கொடுத்து, நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு டிகிரி வேகத்தில் சூடேற்றச் சொல்லுங்கள். வழக்கமான பத்து டிகிரி வேகத்தில் போனால் பிசுபிசுப்பான கலவை உறையாமலே கடந்துபோய், உருகும் உச்சமே இல்லாத நேர்கோடு வரும். உருகுநிலை எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் முழு வளைகோட்டின் தரவையும் கேட்டு வாங்குங்கள்.